எல்லோருக்கும் கணக்கு

ஜூன் 11

பேராசிரியர் அவர்களுக்கு,

இதைச் சம்பந்தியாக எழுதவில்லை. பொதுப்பாடக் குழுவின் தலைவியாக எழுதுகிறேன். போனில் நாம் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேசவே கூடாது என்று என் மகள் தடை போட்டுவிட்டாள். அன்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தியபோது நடுவில் மாட்டிக்கொண்டவள் அவள்தான். அதனால் தபால்.

நேற்றைய கூட்டத்தில் துணைவேந்தர் ஒரு கடிதத்தை எடுத்து எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். இரண்டாவது வரியிலேயே அது உங்களுடையது என்று தெரிந்துவிட்டது. "ஓர் உதாரணம் சொல்கிறேன்" என்று துணைவேந்தருக்கே எழுதக்கூடியவர் வேறு யார்? என் திட்டத்தைப் பாலில் தண்ணீர் கலக்கும் வேலை என்று வர்ணித்திருந்தீர்கள். பொறியியல் புலத்தின் தலைவர், நாமெல்லாம் பீரங்கி என்று கூப்பிடுவோமே, அவர் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்: "என்னம்மா, எதிர்க்கட்சியை வீட்டுக்குள்ளேயே வச்சிருக்கீங்களா?" அறையே சிரித்தது.

எந்தத் துறையில் படித்தாலும் பட்டம் வாங்குவதற்குள் ஐந்து பொதுப்பாடங்கள் முடிக்க வேண்டும்: எண், எழுத்து, இயற்கை, வரலாறு, கலை. இதை உருவாக்கியவர் நீங்கள். அதை நான் என்றும் மறுத்ததில்லை. நீங்கள் ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பட்டியல் என்ன ஆனது என்று பார்த்தீர்களா? ஒவ்வொரு துறையும் தன் பாடத்தை அதில் சொருகிவிட்டது. இயற்கை என்ற தலைப்பின் கீழ் ஓட்டல் நிர்வாகத் துறையின் சமையலறைச் சுத்தம் இருக்கிறது. கலையின் கீழ் விளம்பரப் பலகை வைப்பது எப்படி என்று ஒரு பாடம். எண்ணின் கீழ் மட்டும் ஒரே பாடம், உங்கள் 'எல்லோருக்கும் கணக்கு'. அதை யாரும் தொட்டதில்லை, தொட விட்டதும் இல்லை.

"இதெல்லாம் யாருக்கு வேணும்? மொத்தமாத் தூக்கிட்டு அந்த நேரத்த எங்க பாடத்துக்குக் குடுங்க" என்கிறார் பீரங்கி. அவர் பக்கம் ஆள் சேருகிறது. அதைத் தடுக்கத்தான் என் திட்டம். எந்தத் துறையின் பாடமாக இருந்தாலும் சரி, அதில் எண் பயிற்சி உண்மையாக இருந்தால் எண் முத்திரை, எழுத்துப் பயிற்சி இருந்தால் எழுத்து முத்திரை. மாணவர்கள் ஐந்து முத்திரைகளைச் சேர்த்தால் போதும். உங்கள் பாடம் பலவற்றில் ஒன்றாகிவிடும். அதுதான் உங்களுக்குக் குத்துகிறது என்று நினைக்கிறேன். குத்தினால் என்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பொதுப்பாடக் குழுத் தலைவி

பி.கு. இது சம்பந்தியாக: மகள் அனுப்பிய படத்தில் மிகவும் இளைத்துத் தெரிகிறீர்கள். ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.


ஜூன் 20

சம்பந்தி அம்மாவுக்கு,

நீங்கள் தலைவியாக எழுதினாலும் நான் சம்பந்தியாகத்தான் பதில் எழுத முடியும். ஓய்வு பெற்றவனுக்கு அந்த ஒரு பதவிதான் மிச்சம்.

உங்களிடம் சொல்லவில்லை என்கிறீர்கள். இரண்டு முறை எழுதினேன், பதில் இல்லை. உங்கள் மேசைமேல் இருக்கும் காகிதக் குவியலில் என் கடிதங்கள் எத்தனையாவது அடுக்கில் இருக்கின்றனவோ! அதனால்தான் மேலே எழுதினேன். அதற்காக வருத்தப்படவில்லை. உங்களை வைத்து அந்த மனிதர் அறையைச் சிரிக்க வைத்தாரே, அதற்காக வருத்தப்படுகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் உங்கள் மாப்பிள்ளை புது வீடு பார்க்கப் போனான். குடியிருப்புக்காரர்கள் ஒரு வண்ணத் தாளைக் கொடுத்தார்களாம்: 'எங்களிடம் குடியிருப்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் திருப்தியாக இருக்கிறார்கள்.' இவனுக்கு ஒரே சந்தோஷம். நான் ஒன்றுதான் கேட்டேன்: "இருக்கறவங்களக் கேட்டாங்க சரி. வீட்டக் காலி பண்ணிட்டுப் போனவங்களக் கேட்டாங்களா?" பையன் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டான். இந்த ஒரு கேள்வியைக் கேட்கப் பழக்குவதற்குத்தான் அந்தப் பாடம். நாலு சூத்திரத்துக்காக இல்லை.

இதை எல்லாப் பாடத்திலும் கலந்துவிடலாம் என்கிறீர்கள். நம் கணிதத் துறை வராந்தாவில் ஒரு பூச்செடி இருந்தது, நினைவிருக்கிறதா? அது யாருடைய செடியும் இல்லை. பத்து ஆசிரியர்கள் அதைத் தாண்டிப் போனோம். எல்லோரும் ஊற்றுவார்கள் என்று எல்லோரும் நினைத்தோம். கோடை விடுமுறை முடிந்து வந்து பார்த்தபோது தொட்டிதான் இருந்தது. பொறுப்பானவர் ஒருவர் இல்லாத பாடமும் அப்படித்தான் ஆகும்.

எதையும் மறைக்கக் கூடாது என்பதற்காக இதையும் எழுதிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை உங்கள் மகளிடம் வாசித்துக் காட்டினேன். அவளும் என் வகுப்பில் உட்கார்ந்தவள்தானே. "மாமா, அந்த வகுப்புல நான் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணுதான். கண்ணத் தொறந்துகிட்டே தூங்கறது" என்றாள். சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

அன்புடன்,
சம்பந்தி


ஜூலை 9

சம்பந்திக்கு,

வென்றுவிட்டேன். நேற்று கல்விக்குழு முத்திரைத் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. பீரங்கி எதிர்த்து வாக்களித்தார், அவர் பக்கத்தில் எதிர்பார்த்ததைவிடக் கைகள் குறைவு. வெளியே வரும்போது, "பொழச்சிக்கிட்டீங்க" என்றார். "பொழைக்க வச்சிருக்கேன் சார், என்னையில்ல, பாடத்த" என்றேன்.

உங்கள் குடியிருப்பு உதாரணத்தை மிகவும் ரசித்தேன். ரசித்த பிறகுதான் ஒரு சந்தேகம் வந்தது. 'எல்லோருக்கும் கணக்கு' நல்ல பாடம் என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? பழைய மாணவர்கள் எழுதுகிறார்கள், சரிதான். பாராட்டுகிறவர்கள் எழுதுகிறார்கள். வகுப்பில் தூங்கியவர்கள் உங்களுக்குக் கடிதம் எழுதுவார்களா? நீங்கள் அவர்களைக் கேட்கவே இல்லை. கேட்காமலே பதில் சொன்ன ஒருத்தி உங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறாள்.

செடிக்கு வருகிறேன். பாடம் என்ற செடியை நீங்கள் நட்டீர்கள், ஓய்வு பெற்றுப் போனீர்கள். ஒரு திட்டத்தை உருவாக்குகிறவருக்கு விழா எடுக்கிறோம், மாலை போடுகிறோம். கூரை எங்கே ஒழுகுகிறது என்று மழையில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு ஒன்றும் கிடையாது. இப்போது நிற்பது நான். எங்கே ஓடு மாற்ற வேண்டும் என்பதையும் நானே முடிவு செய்கிறேன்.

கோபமாக எழுதியது போலத் தோன்றினால், ஆமாம், கொஞ்சம் கோபம்தான். ஆனால் நல்ல மனநிலையில் இருக்கிறேன்.

சம்பந்தி


ஆகஸ்ட் 17

சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் மகள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே இருக்கிறாள். பாலங்களைப் பற்றிய ஏதோ ஒரு பாடமாம், அதில் சேர ஊரே திரண்டு வந்ததாம், யாரோ படிக்கட்டில் உட்கார்ந்து படிக்கிறார்களாம். முழுதாகச் சொல்ல மாட்டேன் என்கிறாள். "அம்மாவே எழுதட்டும். நான் சொன்னா நீங்க கெக்கெக்கேன்னு சிரிப்பீங்க, அப்புறம் அது தபால்ல போகும்" என்கிறாள்.

நான் சிரிக்கவில்லை. சொல்லுங்கள். முக்கியமாக ஒன்று தெரிய வேண்டும்: அந்த ஆசிரியர் வகுப்பில் என்னதான் நடத்துகிறார்?

சம்பந்தி


ஆகஸ்ட் 26

சம்பந்திக்கு,

சரி, முழுதாகக் கேளுங்கள்.

முத்திரை கொடுக்க ஐந்து துணைக்குழுக்கள் போட்டோம், ஒவ்வொரு முத்திரைக்கும் ஒன்று. அவை தனித்தனியாகக் கூடின. நம் பல்கலைக்கழகத்தின் பழைய மரியாதை உங்களுக்குத் தெரியும். இன்று உன் பாடத்தை நான் தடுத்தால் நாளை என் பாடத்தை நீ தடுப்பாய், அதனால் யாரும் யாரையும் தடுப்பதில்லை. கட்டடப் பொறியியலில் ஒரு நல்ல மனிதர், 'பாலங்கள்' என்று பாடம் நடத்துகிறவர், விண்ணப்பித்தார். பாரம் கணக்கிடுகிறோம் என்றார், எண் முத்திரை கிடைத்தது. கட்டுரை எழுத வைக்கிறேன் என்றார், எழுத்து. கீழே ஆறு ஓடுகிறது, இயற்கை. பழைய பாலங்கள் இருக்கின்றன, வரலாறு. அழகான பாலங்களும் இருக்கின்றன, கலை. ஐந்து குழுவும் தாராளமாகக் கொடுத்துவிட்டன. ஐந்தையும் ஒன்றாகப் பார்த்தவர் யாரும் இல்லை. ஒரு பாடத்துக்கு எத்தனை முத்திரை இருக்கலாம் என்று விதியில் நான் எழுதவே இல்லை.

மாணவர்கள் பார்த்துவிட்டார்கள். ஒரே பாடம் படித்தால் ஐந்தும் முடிந்தது. அதற்குச் சர்வரோக நிவாரணி என்று பெயர் வைத்துவிட்டார்கள். நாற்பது பேர் உட்காரும் அறை. முதல் நாள் அந்த மனிதர் எனக்குப் போன் செய்கிறார்: "மேடம், வராந்தாவுல நிக்கறாங்க, படியில நிக்கறாங்க. உள்ள போகவே வழியில்ல. நான்தாம்ப்பா வாத்தியார், வழி விடுங்கன்னு கெஞ்சித்தான் உள்ள வந்தேன்."

பீரங்கி அடுத்த வாரமே கல்விக்குழுவைக் கூட்டச் சொன்னார். "பாத்தீங்களா? அஞ்சும் ஒண்ணுதான்னு பசங்களுக்கே தெரிஞ்சிருச்சு. அந்த ஒண்ணையும் தூக்கிட்டா நிம்மதி" என்றார். பாலம் நடத்துகிறவரை விளக்கம் கேட்க அழைத்திருந்தோம். அவர் பீரங்கியின் புலத்தைச் சேர்ந்தவர், சத்தமாகப் பேசத் தெரியாதவர். எழுந்து நின்று சொன்னார்:

"சார், இத்தன வருஷமா நம்ம பசங்களுக்குப் பாலம் நடத்தறேன். எவ்ளோ தாங்கும்னு கேப்பாங்க. இந்தத் தடவ வரலாறு படிக்கற பொண்ணு ஒண்ணு வந்திருக்கு. 'பாலம் வேணும்னு முதல்ல கேட்டது ஆத்துக்கு இந்தப் பக்கத்துக்காரங்களா, அந்தப் பக்கத்துக்காரங்களா?'ன்னு கேட்டுது. எனக்குத் தெரியல சார். வீட்டுக்குப் போய்த் தேடிப் படிச்சேன். பொதுப்பாடத்த எடுத்துட்டா அந்தப் பொண்ணு என் வகுப்புக்கு வராது."

 பீரங்கி அடுத்ததைப் பேசுவதற்குள் நான் எழுந்து தவணை வாங்கிவிட்டேன். ஆண்டு முடிவதற்குள் பட்டியலைச் சுத்தம் செய்து காட்ட வேண்டும். முடியாவிட்டால் பொதுப்பாடமே கிடையாது, அதற்கான தீர்மானத்தை அவர் எழுதித் தயாராக வைத்திருக்கிறார்.

புது விதி எழுதியிருக்கிறேன். இனி ஒரு பாடத்துக்கு ஒரே முத்திரை, அதற்கு ஓர் ஆசிரியர் பொறுப்பு. உங்கள் செடி ஜெயித்தது, போதுமா? ஆனால் எந்த முத்திரையும் நிரந்தரம் இல்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு பாடமும் தன் மாணவர்களின் விடைத்தாள்களோடு குழுவின் முன் வர வேண்டும். வெளியாள் ஒருவர் அவற்றை வாசிப்பார். மாணவர்கள் எதையாவது கற்றிருப்பது தாளில் தெரியாவிட்டால், பாடம் பட்டியலை விட்டுப் போகும்.

விதியை எல்லோரும் பாராட்டினார்கள். "முதல்ல யார் வரீங்க?" என்று கேட்டதும் எல்லோரும் அடுத்த நாற்காலியைக் காட்டினார்கள். ஓட்டல்காரர்கள் விளம்பரத்தைக் காட்டினார்கள். விளம்பரம் இசையைக் காட்டியது. எல்லோருக்கும் பயம்.

அதனால் முதலில் பரிசோதனைக்கு எடுக்கப் போவது 'எல்லோருக்கும் கணக்கு'. இப்போது அதை நடத்தும் பெண், உங்கள் பழைய மாணவி, சரி என்று சொல்லிவிட்டாள். வாசிக்கும் வெளியாள் நீங்களாக இருக்க வேண்டும்.

சம்பந்தி


செப்டம்பர் 3

அம்மா,

இதை என்னிடம் கேட்டிருக்கக் கூடாது.

உலகத்தில் எந்தப் பாடத்தை வேண்டுமானாலும் அனுப்புங்கள், உட்கார்ந்து வாசித்துத் தருகிறேன். சமையலறைச் சுத்தத்தைக்கூட. இது வேறு. ஏன் வேறு என்று எழுத உட்கார்ந்தேன், ஓர் உதாரணமும் வரவில்லை. இரண்டு தாள்களைக் கிழித்துப் போட்டதுதான் மிச்சம். மன்னியுங்கள், வேறு ஆளைப் பாருங்கள்.

சம்பந்தி


செப்டம்பர் 12

சம்பந்திக்கு,

வேறு ஆள் இருக்கிறார். நல்ல மனிதர், யார் மனதையும் நோகடிக்க மாட்டார். மேலோட்டமாகப் புரட்டிவிட்டு 'சிறப்பான பாடம், தொடரலாம்' என்று எழுதித் தருவார். உங்கள் பாடம் பிழைக்கும். அதைப் பார்த்து மற்ற துறைகளும் தங்கள் தங்கள் நல்ல மனிதர்களைக் கூட்டி வருவார்கள். எல்லாப் பாடமும் சிறப்பான பாடம் ஆகிவிடும், பட்டியல் ஓர் அங்குலமும் அசையாது. ஆண்டு முடிவில் பீரங்கி எல்லாவற்றையும் சேர்த்து வாரிக்கொண்டு போவார், உங்கள் பாடத்தையும் சேர்த்துத்தான்.

நீங்கள் என்ன தீர்ப்பு எழுதினாலும் எனக்குச் சம்மதம். நல்லது என்று எழுதினால் அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், ஏனென்றால் உங்கள் திருத்தத்தில் தேறியவர்கள் எவ்வளவு குறைவு என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு வேண்டியது உண்மையாக வாசிக்கும் ஒரு ஜோடிக் கண்கள்.

விடைத்தாள்களைத் தனியாகப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பிரிக்காமலே திருப்பி அனுப்பினாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

சம்பந்தி


அக்டோபர் 21

சம்பந்தி அம்மாவுக்கு,

பார்சலைப் பிரித்தேன். பிரிப்பதற்குச் சில நாட்கள் பிடித்தன. அதுவரை அது சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது, உங்கள் மகள் அதைச் சுற்றியே துடைத்துக்கொண்டிருந்தாள்.

எல்லாத் தாள்களையும் வாசித்துவிட்டேன். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிழையே இல்லை. படிகள் வரிசையாக, விடைகள் கட்டம் கட்டி. பிறகு ஒரு கேள்விக்கு வந்தேன். 'ஒரு சாலையில் விபத்துகள் இரண்டிலிருந்து நான்காயின. எத்தனை சதவீத உயர்வு?' நூறு என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள், சரி. அதன் கீழேயே அடுத்த கேள்வி: 'இதை வைத்து அந்தச் சாலையை மூடலாமா? உங்கள் கருத்து என்ன?'

அந்த இடம் தாளுக்குத் தாள் வெறுமையாக இருக்கிறது. சிலர் நூறு சதவீதம் என்பதையே திரும்ப எழுதியிருக்கிறார்கள். ஒரு பையன் மட்டும் நேர்மையாக, 'இது சிலபஸில் இல்லை' என்று எழுதியிருக்கிறான். அம்மா, அந்தப் பாடம் பிறந்ததே அந்த இரண்டாவது கேள்விக்காக. இரண்டு என்பது எவ்வளவு சின்ன எண், அடுத்த மாதமே அது ஒன்றாகவும் ஆகலாமே, அந்தச் சாலையில் எத்தனை வண்டி போகிறது என்று யாராவது ஒருவர் கேட்பார் என்று புரட்டிக்கொண்டே போனேன். கடைசித் தாள் வரை யாரும் கேட்கவில்லை.

உங்களைக் கேட்காமல் நான் இன்னொரு காரியம் செய்தேன். பாலம் நடத்துகிறவருக்கு எழுதி, அவருடைய மாணவர்களின் தாள்களையும் வாங்கி வாசித்தேன். கணக்கு சுமார்தான். நிறையப் பிழை, சிவப்பு மையைத் தேடிக் கை துறுதுறுத்தது. ஆனால் அதில் இசை படிக்கும் பெண்ணின் தாள் ஒன்று இருக்கிறது. நடைபாலம் எத்தனை பேரைத் தாங்கும் என்று கணக்கிட்டுவிட்டு, கீழே அவளாகவே எழுதுகிறாள்: 'இந்தக் கணக்கு ஆட்கள் அசையாமல் நிற்பதாக வைத்துக்கொள்கிறது. கச்சேரி முடிந்து கூட்டமாக வெளியே வருகிறவர்கள் தங்களை அறியாமலே ஒரே தாளத்தில் நடப்பார்கள். அப்போது எத்தனை பேர்?' யாரும் கேட்காத கேள்வி. நான் எழுந்து அறைக்குள் இரண்டு சுற்று நடந்துவிட்டு வந்து, திரும்பவும் வாசித்தேன்.

என் பரிந்துரையைத் தனித் தாளில் கையெழுத்திட்டு இணைத்திருக்கிறேன். அதன் சாரம்: 'எல்லோருக்கும் கணக்கு' நன்றாக நடத்தப்படுகிறது, மாணவர்கள் அதில் வழிமுறைகளைக் கற்கிறார்கள், எண்களைக் கொண்டு முடிவெடுக்கக் கற்கவில்லை. பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். 'பாலங்கள்' பாடத்துக்கு எண் முத்திரை தரலாம், கணிதத் துறையிலிருந்து ஒருவர் அவரோடு உட்கார்ந்து பிழைகளைத் திருத்தினால்.

பாடத்தை இப்போது நடத்தும் பெண்ணிடம் இதை நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். தவறு அவளுடையது அல்ல, தேர்வுத்தாள் பல ஆண்டுகளாக முதல் கேள்விக்கே மதிப்பெண் கொடுத்துவருகிறது, இரண்டாவதற்குச் சும்மா ஓர் இடம் விட்டிருக்கிறது. மதிப்பெண் போகும் பக்கம்தானே பிள்ளைகளும் போவார்கள்.

நன்றாகத் தூங்குகிறேன். கேட்பீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

அன்புடன்,
சம்பந்தி


நவம்பர் 5

சம்பந்திக்கு,

நேற்று குழு கூடியது. உங்கள் தாளை முழுதாக நானே வாசித்தேன். 'சிலபஸில் இல்லை' வந்தபோது சிரிப்பு எழுந்தது, 'எடுத்துவிடலாம்' வந்தபோது அடங்கிவிட்டது.

பாடம் நடத்தும் பெண்ணிடம் முன்னாலேயே சொல்லியிருந்தேன்.  "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும், ஆனா கேட்டுட்டு எனக்குக் கோவமா வருது மேடம்" என்றாள். அது நியாயம்தான் என்றேன். கூட்டத்துக்கு வந்தபோது அவள் கையில் பாலம் நடத்துகிறவரின் கால அட்டவணை இருந்தது. பாலம் வகுப்பில் அவரோடு உட்காரப் போவது அவள்தான்.

வாசித்து முடித்ததும் பீரங்கி கேட்டார், "இவர்தானம்மா இத ஆரம்பிச்சவர்?"

"ஆமா சார்."

"அவரே எடுக்கச் சொல்றாரா?"

"கையெழுத்து இருக்கு. பாருங்க."

வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, தாளின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். பொறியியல் புலத்துக்கு நம் பட்டியலில் 'எந்திரங்களின் கதை' என்று ஒரு பாடம் உண்டு, தெரியுமா? இத்தனை காலம் அதைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் மேசையைத் தட்டுவார். நேற்று தன் உதவியாளரைப் பார்த்து, "நம்ம பாடத்தோட விடைத்தாள் எங்கப்பா இருக்கு? கொண்டு வந்து இவங்ககிட்டக் குடு" என்றார். என்னைப் பார்த்து, "படிச்சுட்டு மூஞ்சிக்கு நேரா சொல்லுங்கம்மா. பூசி மெழுக வேணாம்" என்றார்.

பொதுப்பாடத்தை ஒழிக்கும் தீர்மானத்தை அவர் திரும்பப் பெறவில்லை, அவ்வளவு எளிதாக விடுகிறவர் இல்லை. ஆனால் தன் பாடத்தைத் திருத்தக் கொடுத்துவிட்டு அதே பட்டியலைக் கொளுத்தச் சொல்ல அவராலும் முடியாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவர் கொடுத்ததைப் பார்த்துவிட்டு ஓட்டல்காரர்கள் எழுந்து போனார்கள். கோபித்துக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்தேன். விடைத்தாள் கட்டோடு திரும்பி வந்தார்கள். அடுத்து விளம்பரம், அடுத்து இசை. தேநீர் கொண்டு வந்தவர் தட்டை வைக்க இடமில்லாமல், "எங்கம்மா வைக்கறது?" என்று கேட்டுக்கொண்டு நின்றார். தரையில் வைக்கச் சொன்னேன்.

இத்தனையையும் நான் ஒருத்தி வாசித்து முடிக்க முடியாது. பாதி உங்களுக்கு வருகிறது. சாப்பாட்டு மேசையைக் காலி செய்து வையுங்கள்.

சம்பந்தி